புகைப் பழக்கமும் இதயமும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் – ஆசிரியர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றியன்றோ பேச வேண்டும். பீடியையும் சிகரெட்டையும் பற்றிப் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நானும் கல்வியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளாகப் பள்ளியில் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவன் நான். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வராமல் நின்றுவிட்டால், அதன் வீடு தேடிச் சென்று காரணம் கேட்பது என் வழக்கம். அவ்வாறு சென்ற வீடுகள் பலவற்றில் நான் கண்ட காட்சி ஒன்றே. திண்ணையில் தந்தை படுத்திருப்பார். ஒருவருக்கு மாரடைப்பு, ஒருவருக்குப் பக்கவாதம், இன்னொருவருக்குக் காலில் ஆறாத புண். கூரையின் இடுக்கில் பீடிக்கட்டு செருகியிருக்கும்.

நம் வீடுகளில் பெரும்பாலானவற்றில் நிலமில்லை. வங்கியில் இருப்பும் இல்லை. உழைப்பவரின் உடம்பு ஒன்றே குடும்பத்தின் சொத்து. அவ்வுடம்பை இயக்குவது இதயமும், அதனின்று கைகால்களுக்கு ஓடும் இரத்தமும் ஆகும். குடும்பத் தலைவரின் இரத்தக் குழாய் அடைபட்டால் பிள்ளைகளுக்குப் பள்ளியின் கதவும் அடைபட்டுவிடுகிறது. இதுவே நான் இன்று உங்களிடம் சொல்ல வந்த செய்தி.

இதயமும் இரத்த ஓட்டமும்

புகை என்றவுடன் நுரையீரலும் புற்றுநோயுமே நம் நினைவுக்கு வருகின்றன. புகை இருமலை உண்டாக்கும் என்பதை யாவரும் அறிவர். ஆனால் அது இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் அழிக்கும் என்பதை நம்மவர்களுள் அறிந்தோர் சிலரே. அதனை உணர முதலில் இதயத்தின் வேலையை உணர வேண்டும்.

அவரவர் கையை மடக்கினால் எவ்வளவு பெரிதோ, ஏறத்தாழ அவ்வளவு பெரியது அவரவர் இதயம். அது நிமிடத்திற்குச் சுமார் 72 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் ஓர் இலட்சத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள். ஓய்ந்திருக்கும்போதே நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அது வெளியே தள்ளுகிறது. அந்த இரத்தம் தமனிகளின் வழியே உடலெங்கும் சென்று, சிரைகளின் வழியே மீண்டும் இதயத்துக்கே திரும்புகிறது. இவ்வாறு இரத்தம் சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்பதை 1628-ஆம் ஆண்டில் வில்லியம் ஆர்வி என்னும் ஆங்கில மருத்துவர் தெளிவாக நிறுவிக் காட்டினார்.

உழவுத் தொழில் செய்யும் உங்களுக்கு இதை விளக்க எனக்கு வேறு உவமை வேண்டியதில்லை. இதயம் ஏரியின் மதகு போன்றது. தமனிகள் பெரிய வாய்க்கால்கள். அவற்றினின்று பிரியும் நுண்குழாய்கள் வயல்களுக்குப் பாயும் கிளை வாய்க்கால்கள். கால்விரல்களும் கைவிரல்களும் கடைமடை வயல்கள். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே? அதுபோலவே இரத்த ஓட்டம் குன்றினால் கால்விரல்கள் முதலில் வாடுவது உண்டு. மதகு தனக்குத் தண்ணீர் கேட்பதில்லை. இதயத்துக்கோ தன் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதற்கென்று தனியே இதயத் தமனிகள் என்னும் குழாய்கள் உள்ளன. அவை சில மில்லிமீட்டர் அகலமே உடையவை. அவற்றுள் ஒன்று அடைபட்டால் அதுவே மாரடைப்பு.

புகை செய்யும் மூன்று தீங்குகள்

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. இதயத்தையும் இரத்த ஓட்டத்தையும் பற்றிய அளவில் மூன்று தீங்குகளை நாம் அறிந்தால் போதும்.

முதலாவது, நிகோடின் செய்யும் தீங்கு. புகையை உள்ளிழுத்த சில வினாடிகளுக்குள் நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. பழக்கத்துக்கு அடிமையாக்குவது இதுவே. இது உடலில் அட்ரினலின் முதலிய சுரப்புகளைத் தூண்டிவிடுகிறது. நாய் துரத்தும்போது நெஞ்சு படபடக்கிறதன்றோ? அந்தப் படபடப்பை உண்டாக்கும் சுரப்பு இதுதான். துரத்துவார் எவருமின்றியே புகைப்பவரின் இதயம் இவ்வாறு விரட்டப்படுகிறது. துடிப்பு சிலருக்கு நிமிடத்திற்குப் பத்துக்கு மேலும் கூடும். இரத்த அழுத்தம் உயரும். குழாய்கள் சுருங்கும். இதயத்துக்கு வேலை மிகுகிறது. அதே வேளையில் அதற்கு உணவு கொண்டுவரும் குழாய் குறுகுகிறது.

இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. மூடிய அறையில் கரியடுப்பு மூட்டித் தூங்கியவர்கள் விடியுமுன் மாண்டு கிடந்த செய்திகளை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். அவர்களைக் கொன்ற வாயு இதுவே. நம் இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் வண்டி. கார்பன் மோனாக்சைடோ பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேலான பற்றுடன் அவ்வண்டியில் ஏறி அமர்ந்துகொள்கிறது, எளிதில் இறங்குவதில்லை. தொடர்ந்து புகைப்பவரின் இரத்தத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வண்டிகள் வரை இந்த நச்சு வாயுவையே சுமந்து வீணே சுற்றுகின்றன. இதயத்துக்கு வேலை கூடியிருக்கும் அதே நேரத்தில் அதற்கு வரவேண்டிய பிராணவாயு குறைகிறது.

மூன்றாவது தீங்கே எல்லாவற்றினும் கொடியது. தமனியின் உட்புறத்தில் ஒரே உயிரணு கனமுள்ள மெல்லிய படலம் ஒன்று உண்டு. இரத்தம் ஒட்டாமல் வழுக்கிச் செல்லும்படி செய்வதும், தேவைக்கேற்பக் குழாய் விரியும்படி செய்வதும் அப்படலமே. புகையில் உள்ள நச்சுப் பொருள்கள் அதனைப் புண்படுத்துகின்றன. புண்பட்ட இடத்தில் கொழுப்பு படிந்து, ஆண்டுக்கணக்கில் தடித்து, வாய்க்காலில் வண்டல் படிவதுபோல் குழாயைக் குறுக்குகிறது. அன்றியும், புகை இரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று எளிதில் ஒட்டச் செய்கிறது. இரத்தம் உறையும் தன்மை மிகுகிறது. என்றோ ஒருநாள் அப்படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் கட்டியாக உறைந்துவிட்டால், சிறிது திறந்திருந்த வழியும் முற்றும் அடைபட்டுப் போகும். அடைப்பு இதயத்தில் நேர்ந்தால் மாரடைப்பு. மூளையில் நேர்ந்தால் பக்கவாதம். காலில் நேர்ந்தால் அழுகல்.

என் தந்தையாரின் கால்

காலில் நேரும் கேட்டைப் பற்றி நான் நூலில் படித்து மட்டும் அறிந்தவன் அல்லன்.

என் தந்தையார் பண்ணையில் கூலி வேலை செய்தவர். மாலையில் கூலியோடு ஒரு கட்டுப் பீடியும் அங்கே கிடைக்கும். அதை நாங்கள் உபகாரம் என்றே கருதினோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை நடக்கும்போது சும்மா வரப்பில் உட்கார்ந்தால் ஏச்சு விழும். பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இளைப்பாறுவதற்கு எம்மவர்க்கு இருந்த உரிமைச் சீட்டு அந்தப் பீடி ஒன்றே. ஆதலால் பீடி களைப்பைப் போக்குகிறது என்று நம் முன்னோர் நம்பியதில் வியப்பில்லை. களைப்பைப் போக்கியது உட்கார்ந்திருந்த அந்த ஐந்து நிமிடமே என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

1983-ஆம் ஆண்டில் தந்தையாருக்கு நடக்கும்போது கெண்டைக்காலில் வலி கண்டது. சிறிது தூரம் நடந்தால் வலிக்கும், நின்றால் அடங்கும், மீண்டும் நடந்தால் மீண்டும் வலிக்கும். முள் குத்தியது, சேற்றுப்புண், காற்றுக் கருப்பு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பின்னர் இடக்காலின் பெருவிரல் நீலம் பாய்ந்து கறுத்தது. இரவெல்லாம் உறங்காமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெரிய மருத்துவமனையில் அவ்விரலை எடுத்தார்கள். “பீடியை அடியோடு விட்டால் கால் பிழைக்கும்; விடாவிட்டால் நான் பொறுப்பில்லை” என்றார் மருத்துவர். தந்தையாரால் விட முடியவில்லை. மறு ஆண்டு முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 42.

அந்நோய்க்குப் பர்ஜர் நோய் என்று பெயர். 1908-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் லியோ பர்ஜர் என்னும் மருத்துவர் அதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். கைகால்களில் உள்ள சிறிய, நடுத்தரக் குழாய்கள் வீங்கி, இரத்தம் உறைந்து அடைபடும் நோய் அது. பெரும்பாலும் ஐம்பது வயதுக்குட்பட்ட ஆண்களையே பற்றுகிறது. புகையிலைப் பழக்கம் இல்லாதவர்க்கு அது வருவது அரிதினும் அரிது. புகையிலையை முற்றிலும் விட்டாலன்றி அதனை நிறுத்த மருந்தில்லை. முற்றிலும் விட்டவர்களுள் பெரும்பாலோர் கால்களை இழப்பதில்லை. கால் போன பின்னர் என் தந்தையார் பீடியைத் தொடவில்லை. அவருடைய வலக்கால் கடைசிவரை நிலைத்தது. அதன்பின் 21 ஆண்டுகள் திண்ணையில் அமர்ந்து கயிறு திரித்து வாழ்ந்தார். முதல் விரல் போனபோதே விட்டிருந்தால் இரு கால்களும் இருந்திருக்கும்.

அவ்வாண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என் தங்கை ஐந்தாம் வகுப்பு. என்னைவிட நன்றாகப் படிப்பவள். வகுப்பில் முதல் மாணவி. ஒரு கூலி நின்றுபோன வீட்டில் இரண்டு பேரைப் படிக்க வைக்க இயலாது என்று அம்மா முடிவு செய்தார். அவள் புத்தகப் பையை வைத்துவிட்டு நடவுக்குப் போனாள். நான் பி.ஏ., பி.எட். பட்டங்களைப் பெற்றேன். என் பெயருக்குப் பின்னால் உள்ள அவ்வெழுத்துகளைக் காணும்போதெல்லாம், அவற்றுக்கு விலை கொடுத்தவள் யார் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். பீடி பறித்தது என் தந்தையாரின் காலை மட்டுமன்று.

ஆராய்ச்சிகள் கூறுவன

ஒரு வீட்டுக் கதையை வைத்து உலகுக்கு முடிவு சொல்லலாகாது என்று நீங்கள் கூறலாம். நியாயமே. ஆகவே அறிஞர்களின் ஆராய்ச்சியைக் கூறுகிறேன்.

இங்கிலாந்தில் ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் என்னும் இருவரும் 1951-ஆம் ஆண்டில் அந்நாட்டு மருத்துவர்களுக்கே கடிதம் எழுதி, அவர்தம் புகைப் பழக்கத்தைக் கேட்டறிந்தனர். ஆண் மருத்துவர்கள் 34,439 பேரின் வாழ்வும் சாவும் ஐம்பதாண்டுகள் தொடர்ந்து கணக்கிடப்பட்டன. 2004-ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: தொடர்ந்து சிகரெட் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்தாண்டுகள் முன்னதாக இறந்தனர்.

அதே 2004-ஆம் ஆண்டில், கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றிய டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த மாரடைப்பு ஆராய்ச்சியின் முடிவும் வெளிவந்தது. புகைப்பவர்க்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு புகைக்காதவரினும் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று அதில் தெரிந்தது. பீடி மட்டும் புகைப்போருக்கும் அதே அளவு ஆபத்து உண்டு என்பதும், புகையிலையை மெல்லுவோருக்கு இரு மடங்கு ஆபத்து என்பதும் 2006-இல் வெளியான அதன் தொடர் ஆய்வில் காணப்பட்டன.

நம் நாட்டைப் பற்றியும் கணக்கு உண்டு. பதினோரு இலட்சம் வீடுகளில் 2001 முதல் 2003 வரை நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்து, 2008-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். முப்பது முதல் அறுபத்தொன்பது வயதுக்குள் இறந்த ஆண்களுள் ஐவரில் ஒருவரது இறப்புக்குப் புகையே காரணம் எனத் தெரிந்தது. பீடி புகைக்கும் ஆண்கள் சுமார் ஆறு ஆண்டுகளையும், பீடி புகைக்கும் பெண்கள் சுமார் எட்டு ஆண்டுகளையும், சிகரெட் புகைக்கும் ஆண்கள் சுமார் பத்து ஆண்டுகளையும் இழக்கின்றனர். பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வயதிலேயே தந்தையர் சிலர் போய்விடுகின்றனர் என்பதைப் பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

சில தவறான எண்ணங்கள்

பீடி சிறியது, அதில் புகையிலையும் குறைவு, ஆதலால் தீங்கும் குறைவு என்பர். பீடியில் புகையிலை குறைவு என்பது உண்மையே. ஆனால் பீடியிலை எளிதில் அணைந்துவிடும் தன்மையது. அணையாதிருக்க அடிக்கடி வலிந்து இழுக்க வேண்டும். அதனால் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டினும் குறையாமல், பல வேளைகளில் மிகுதியாகவே உட்செல்கின்றன.

நாளைக்கு ஒன்றிரண்டுதானே, அதனால் என்ன என்பர். நுரையீரல் புற்றுநோய்க்கு அளவு கூடக்கூட ஆபத்துக் கூடும். இதயத்தின் கணக்கு வேறு. நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும், இருபது புகைப்பவருக்கு உண்டாகும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி உண்டு என்று 2018-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. குறைத்துக்கொண்டேன் என்பது இதயத்துக்குப் போதாது; விட்டுவிட்டேன் என்பதே வேண்டும்.

என் பாட்டனார் சுருட்டுப் பிடித்து எண்பது வயது வரை வாழ்ந்தார் என்பர். வெள்ளத்தில் ஆற்றைக் கடந்து கரை சேர்ந்தவர் வந்து கதை சொல்கிறார். அடித்துச் செல்லப்பட்டவர் வந்து சொல்வதில்லை.

நான் புகைத்தால் எனக்குத்தானே கேடு என்பர். ஒரே அறையுள்ள நம் வீடுகளில் புகை எங்கே போகும்? மனைவியின் மூச்சிலும் பிள்ளையின் மூச்சிலும்தான் போகும். பிறர் விடும் புகையை மூச்சில் ஏற்பவருக்கும் மாரடைப்பு ஆபத்துக் கூடுகிறது என்பது நிறுவப்பட்ட உண்மை.

இவ்விடத்தில் ஒன்று கூற வேண்டும். நெல்லை, தென்காசி, வேலூர் முதலிய பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர். நான் அச்சகோதரிகளுக்கு எதிராகப் பேசவில்லை. புகையிலைத் தூசியை நாளெல்லாம் மூச்சில் ஏற்கும் அவர்களும் இப்பொருளால் துன்புறுவோரே. அவர்களுக்கு மாற்றுத் தொழில் கிடைக்கச் செய்வது அரசின் கடமை; நம் கோரிக்கையும் அதுவே.

என் குற்றம்

தந்தையாரின் காலைப் பறித்தது எது என்று அறிந்த நான் புகைக்காதவனாக இருந்திருப்பேன் என்று நீங்கள் எண்ணுவீர்கள். அவ்வாறன்று. வேலையில் சேர்ந்த 1995-ஆம் ஆண்டிலிருந்து பதினான்கு ஆண்டுகள் நான் சிகரெட் புகைத்தேன். பீடி கூலிக்காரன் பிடிப்பது, சிகரெட் படித்தவன் பிடிப்பது என்றொரு மயக்கம் எனக்கு இருந்தது. ஆசிரியர் அறையில் மற்றவர்களோடு சரிசமமாக அமர்ந்து சிகரெட் பற்றவைத்தபோது, வரப்பிலிருந்து நாற்காலிக்கு உயர்ந்துவிட்டதாகப் பெருமை கொண்டேன். நிகோடினுக்கு வரப்பும் தெரியாது, நாற்காலியும் தெரியாது என்பதை மறந்தேன்.

கடைக்குச் சென்று சிகரெட் வாங்கிவர மாணவர்களையே அனுப்பினேன். 2009-ஆம் ஆண்டில் ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிச் சுவருக்குப் பின்னால் புகைத்துக்கொண்டிருந்தான். கையும் களவுமாகப் பிடித்து, “எங்கேயடா கிடைத்தது?” என்று அதட்டினேன். அவன் அழுதுகொண்டே சொன்னான்: “மீதிச் சில்லறைல ஒண்ணு வாங்கினேன் சார்.” பிரம்பைக் கீழே போட்டேன். அவனைக் கடைக்கு அனுப்பிய கை என்னுடையது. என் சட்டைப்பையில் இருந்த சிகரெட்டுகளை அன்றே கிணற்றில் எறிந்தேன். அதன்பின் மூன்று முறை தவறினேன். நான்காம் முறை நிலைத்தேன். இதனை ஒளிக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை முயன்று தோற்றவர்கள் இக்கூட்டத்தில் பலர் இருப்பீர்கள். தோல்வி இழிவன்று; மீண்டும் முயலாமையே இழிவு.

விட்டால் மீளலாம்

இதயம் மன்னிக்கும் தன்மையுடையது. கடைசிப் புகையை விட்ட 20 நிமிடங்களில் துடிப்பும் அழுத்தமும் தணியத் தொடங்குகின்றன. ஒரு நாளுக்குள் இரத்தத்தில் இருந்த கார்பன் மோனாக்சைடு நீங்குகிறது. சில வாரங்களில் இரத்த ஓட்டம் சீர்படுகிறது. ஓராண்டில், புகையால் வந்த கூடுதல் மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பதினைந்து ஆண்டுகளில் அது புகைக்காதவரின் நிலையை ஒட்டி வருகிறது. முன்னர்க் கூறிய மருத்துவர்கள் ஆராய்ச்சியில், அறுபது வயதில் விட்டவர் மூன்று ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டுகளையும், நாற்பதில் விட்டவர் ஒன்பது ஆண்டுகளையும் மீட்டனர். முப்பதில் விட்டவர் ஏறத்தாழ முழுவதையும் மீட்டனர். எந்த வயதிலும் காலம் கடந்துவிடவில்லை.

விட விரும்புவோர் ஒரு நாளைக் குறித்து, வீட்டாரிடம் சொல்லிவிட்டு, அன்றே அடியோடு நிறுத்துவது நன்று. முதல் இரு வாரங்கள் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும், பொறுத்துக்கொண்டால் தணியும். வீட்டிலுள்ளோர் அந்நாள்களில் கடிந்து பேசலாகாது. அரசு மருத்துவமனைகளில் ஆலோசனை பெறலாம். 1800 112 356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம்.

நடு நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் வலித்து, இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால், வாய்வு என்று எண்ணிச் சோடா குடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டா. உடனே 108 வண்டியை அழையுங்கள். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி மருந்து உண்டு. அது முதல் சில மணி நேரத்தில் போட்டால்தான் நன்கு பயன்படும். நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து நின்றால் அடங்குகிறதாயின், கருப்புக் கழிக்கப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது, ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும். பீடி, சிகரெட் வாங்கிவர எந்தப் பிள்ளையையும் கடைக்கு அனுப்பாதீர்கள். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்க்கு அவற்றை விற்பதும், கல்வி நிலையங்களுக்கு 100 கெஜத்துக்குள் விற்பதும் குற்றமாகும். நம் தெருப் பெட்டிக்கடைக்காரர்களும் நம்மவர்களே. அன்போடு எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.

இரண்டாவது, ஊர்ப் பெரியவர்களுக்கு. நம் வீட்டுத் திருமணத்திலும் துக்கத்திலும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பீடிக்கட்டும் சிகரெட்டும் வைக்கிறோம். மாரடைப்பால் இறந்தவரின் துக்கத்துக்கு வந்தவர்களுக்கும் பீடி தருகிறோம்! இவ்வழக்கத்தை இந்த வெள்ளி விழா ஆண்டோடு நிறுத்துவோம். ஊர்க்கூட்டத்தில் ஒருமனதாக முடிவு செய்தால் ஒரே நாளில் நடந்துவிடும்.

மூன்றாவது, உழைக்கும் தந்தையர்க்கு. நாளொன்றுக்கு 30 ரூபாய் புகைக்குச் செலவு செய்கிறீர்கள் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 10,950 ரூபாய். இச்சங்கத்தின் வயதாகிய 25 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 2,73,750 ரூபாய். அப்பணத்தை உங்கள் மகளின் பெயரில் அஞ்சலகத்தில் போட்டு வையுங்கள். மகனுக்கு எப்படியாவது வழி பிறக்கும். வீட்டில் இடர் வந்தால் முதலில் நிறுத்தப்படுவது மகளின் படிப்பே என்பதை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

என் தங்கை இன்று இக்கூட்டத்தில் பெண்கள் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அவள் மகள் இச்சங்கத்தின் மாலை வகுப்பில் பயின்றவள். இப்போது செவிலியர் பயிற்சி பெற்று வருகிறாள். விடுமுறைக்கு வந்தால் தெருவில் உள்ளவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்த்துச் சொல்கிறாள். அவளிடம் ஒருமுறை கையை நீட்டிப் பாருங்கள். புகைப்பதுண்டா என்று அவள் கேட்கும் முதற்கேள்விக்கு, விட்டுவிட்டேன் என்று நீங்கள் விடை கூறும் நாள் விரைவில் வரவேண்டும் என விழைகிறேன்.